விசில்காரியின் நுரை மீசை

அத்தியாயம் 7

"நான் மாத்திரையை முழுங்கினேன். ஒரு வேளைகூட விடல. இன்னும் எத்தனை தடவை சார் சொல்லணும்?"

சொன்ன வேகத்தில் மேஜைமேல் ஒரு அடி விழுந்தது. டீ கிளாஸ் துள்ளியது. உதவியாளன் வாலு பாய்ந்து பிடித்தான். அந்தத் துப்பறியும் அலுவலகத்தில் கிளாஸுக்கு எப்போதும் பஞ்சம். கோபப்படாமல் படியேறி வருகிற வாடிக்கையாளரை அவன் இன்னும் பார்த்ததில்லை.

"மெதுவா தங்கச்சி. அந்த மேஜைக்கு மூணு கால்தான் ஒழுங்கு. நாலாவது எங்க முதலாளி மாதிரி, பேருக்கு நிக்குது."

முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அது வழக்கம்போல அவர் நெற்றியில் இருந்தது. ஊரில் பாதிப் பேர் அவரைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்தவன் மறைத்ததையெல்லாம் கண்டுபிடிப்பவர், தன் நெற்றியில் இருப்பதை மட்டும் வாலு சொல்லித்தான் கண்டுபிடிப்பார்.

எதிரில் உட்கார்ந்திருந்தவள் உள்ளூர் கால்பந்து லீக்கின் நடுவர். மைதானத்தில் அவளுக்கு 'விசில்' என்றுதான் பெயர். இருபத்துநாலு வயசு. ஒல்லி உடம்பு, முறைக்கிற கண்.

"எனக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். சளி பசை மாதிரி கெட்டியாகி நுரையீரலை அடைக்கும். வேர்வை உப்பாக் கரிக்கும். சின்ன வயசுல எனக்கு முத்தம் கொடுத்தவங்கல்லாம் உடனே தண்ணி கேட்பாங்களாம்."

வாலு சிரித்துவிட்டான். சிரிக்கலாமா கூடாதா என்று அப்புறம்தான் யோசித்தான்.

"சிரிங்கண்ணா. அழறவங்களைத்தான் எனக்குப் பிடிக்காது. போன வருஷம் மாடிப்படி ஏற முடியாம நடுவுல உட்கார்ந்திருவேன். ஆஸ்பத்திரித் திட்டத்துல புது மாத்திரை இலவசமாக் கொடுத்தாங்க. இப்ப முழு ஆட்டமும் ஓடறேன். விசில் ஊதினா கோல் போஸ்ட் வரைக்கும் கேக்கும். நேத்து கூப்பிட்டு, 'நீ மாத்திரை சாப்பிடறதே இல்ல, திட்டத்துலேருந்து வெளிய போ'ன்னுட்டாங்க. கையில இருக்கிற மாத்திரை அட்டை இந்த வாரத்தோட தீருது. நாளைக்குக் காலையில திட்டக் குழு கூடுது. அதுக்குள்ள நான் பொய் சொல்லலைன்னு நிரூபிக்கணும்."

"சாப்பிடலைன்னு அவங்களுக்கு யார் சொன்னது?" என்றார் கண்ணாடி.

"என் மூத்திரம்."

வாலு வாயைத் திறந்தான். கண்ணாடி ஒரு விரலை உயர்த்தினார். வாலு மூடிக்கொண்டான்.

"அது ஒரு நல்ல சோதனைடா," என்றார் கண்ணாடி. "நம்ம உடம்புல அமிலமும் காரமும் எப்பவும் சரியா இருக்கணும். காரம்னா மிளகாய் இல்ல, அமிலத்துக்கு எதிரி. சமையல் சோடாவைத் தண்ணியில கலக்கிக் குடிச்சா உடம்புல காரம் ஏறிடும். உடனே சிறுநீரகம் என்ன பண்ணும்?"

"போலீசுக்குச் சொல்லும்."

"ஒரு கதவைத் திறந்து வேண்டாத காரத்தை சிறுநீர்ல தள்ளிடும். இந்த நோய் இருக்கிறவங்களுக்கு அந்தக் கதவு துரு ஏறி நிக்கும், சரியாத் திறக்காது. மாத்திரைதான் அதுக்கு எண்ணெய். மாத்திரை வேலை செஞ்சா, சோடா குடிச்ச கொஞ்ச நேரத்துல சிறுநீர்ல காரம் ஏறும். ஏறலைன்னா மாத்திரை உள்ள போகலைன்னு அர்த்தம்."

"எனக்கு ஏறல," என்றாள் விசில். "துளிகூட."

"அன்னைக்கு என்ன நடந்துதுன்னு ஒண்ணு விடாம சொல்லும்மா."

அவள் சொன்னாள். முதலில் நர்ஸ் ஒரு பாட்டிலில் சிறுநீர் வாங்கினாள். அந்த நர்ஸ் எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி சதா வெடிப்பாளாம். அதனால் பெயரே கடுகு. விசில் நடைபாதையில் விளையாட்டாக ஒரு ஊது ஊத, 'இது ஆஸ்பத்திரியா, உன் மைதானமா?' என்று விசிலைப் பிடுங்கி டிராயரில் பூட்டிவிட்டாளாம். அவளுடைய முதல் ஆட்டத்து விசில் அது.

"பெரிய டாக்டர் அப்படி இல்ல, தங்கமான மனுஷன். சோடாத் தண்ணியைத் தன் கையாலயே கலக்கிக் கொடுத்தார். குடிச்சதும் எனக்கு மூக்குக்குக் கீழ வெள்ளையா நுரை மீசை. 'வாங்க மீசைக்கார நடுவரே'ன்னு சிரிச்சிட்டு அவரே துடைச்சு விட்டார். அதுக்கப்புறம் மூணு மணி நேரம் சிறுநீர் பிடிச்சாங்க. நேத்து ரிசல்ட்டைச் சொல்றப்ப அவருக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"போன வருஷமும் இந்தச் சோதனை பண்ணினாங்களா?"

"மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை. அப்ப இருமல்ல உயிரே போச்சு. எதைக் குடிச்சேன்னு யாருக்கு ஞாபகம்?"

கண்ணாடி எழுந்தார்.

"வாலு, உனக்குத் தாகமா இருக்கா?"

அந்தக் கேள்வி வந்தாலே தனக்கு நல்லதில்லை என்று வாலுவுக்குத் தெரியும்.

*

கண்ணாடியின் அண்ணி ஒரு டாக்டர். மூன்று தெரு தள்ளி ஒரு பரிசோதனைக்கூடம் நடத்தினாள். சின்ன இடம், ஆனால் துடைத்து வைத்தாற்போல் சுத்தம். கொழுந்தனார் வந்தால் கூடவே ஒரு வம்பும் வரும் என்று அவளுக்கு அனுபவம் உண்டு.

"ரெண்டு பேருக்கு ஒரே சோதனை அண்ணி. இந்தப் பொண்ணுக்கும், நோய் நொடி இல்லாத ஒரு ஆளுக்கும்."

"நோய் இல்லாத ஆளு யாரு?"

இருவரும் வாலுவைப் பார்த்தார்கள்.

"இதுக்குன்னு தனியா ஒருத்தனை வேலைக்கு வச்சிருக்கலாமே பாஸ்," என்றான் வாலு.

"வச்சிருக்கேனே."

அண்ணி இருவருக்கும் நாடி பார்த்து, எடை பார்த்து, அளந்துதான் கொடுத்தாள். 'நீங்களா வீட்ல இதைப் பண்ணித் தொலைக்காதீங்க' என்று ஒரு அதட்டல் வேறு. வாலு டம்ளரை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. அவ்வளவுதான். வேறு எந்தச் சலனமும் இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். பாத்திரம் கழுவின தண்ணீரை யாரோ மரியாதையாக உபசரித்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

விசில் ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு காத்திருப்பு. பாட்டிலை விளிம்புவரை நிரப்பி உடனே மூட வேண்டும், காற்றுப் பட்டால் உள்ளே இருக்கும் வாயு தப்பித்து அளவு மாறிவிடும் என்று அண்ணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வாலு தன் வாழ்க்கையில் இவ்வளவு பொறுப்பாக எதையும் நிரப்பியதில்லை.

விசில் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைவிரல்கள் மட்டும் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. ஒருவேளை நிஜமாகவே மாத்திரையைச் சாப்பிடவில்லையோ என்று வாலுவுக்கு ஒரு கணம் தோன்றியது. திரும்பாமலேயே அவள் சொன்னாள்.

"நீங்களும் சந்தேகப்படறீங்கல்ல?"

"சேச்சே. நான் மத்தியானச் சாப்பாட்டைப் பத்தி யோசிச்சேன்."

"பரவால்லண்ணா. எங்கம்மாவே நேத்து என் தலகாணிக்கு அடியில தேடினாங்க, மாத்திரையை ஒளிச்சு வச்சிருக்கேனான்னு. பெத்தவளே தேடறா. அதுதான் வலிக்குது."

வாலு ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டான்.

அண்ணி உள்ளிருந்து, காரம் பட்டால் நீலமாகும் காகிதப் பட்டைகளோடு வந்தாள். குடிப்பதற்கு முன் பிடித்த சிறுநீரில் நனைத்தவை இரண்டும் ஆரஞ்சு நிறம். குடித்த பின் பிடித்ததில் வாலுவின் பட்டை கருநீலம். விசிலின் பட்டையும் நீலம். கொஞ்சம் வெளிர், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத நீலம்.

"மெஷின்லயும் பார்த்துட்டேன்," என்றாள் அண்ணி. "இவன் அளவுக்கு இல்ல. ஆனா பைகார்பனேட், அதான் அந்தக் காரம், நல்லா ஏறியிருக்கு. மாத்திரை இல்லாம இந்த நோய்க்கு இவ்வளவு ஏறாது. இந்தப் பொண்ணு ஒழுங்கா மாத்திரை சாப்பிடறா."

விசில் அந்தப் பட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "இதை அம்மாகிட்ட காட்டலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்ப ஆஸ்பத்திரியில சோதிச்சது இவ சிறுநீரே இல்ல!" வாலு குதித்தான். "பாட்டிலை மாத்தியிருக்காங்க பாஸ். எல்லாம் அந்தக் கடுகு வேலை. விசிலைப் பிடுங்கினவ விதியையும் பிடுங்கப் பாத்திருக்கா!"

"வசனம் நல்லாருக்கு," என்றார் கண்ணாடி. "சரியாவும் இருக்கான்னு பார்ப்போம், வா."

*

கடுகு ஆஸ்பத்திரிப் பின்வாசலில், பணி முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். வாலு சாமர்த்தியமாகச் சுற்றி வளைத்துக் கேட்க ஆரம்பித்தான். அவள் நேராகப் புரிந்துகொண்டாள்.

"பாட்டிலை மாத்தினேனா? நானா? இந்தாம்மா விசில், நீயே சொல்லு. உன் கண் எதிர்ல மூடினேனா இல்லையா? மூடிமேல பட்டையை ஒட்டி, அதுமேல உன் கையெழுத்து வாங்கினேனா இல்லையா?"

விசில் கீழே பார்த்தாள். "வாங்கினாங்க. நானே லேப் வரைக்கும் கூடப் போனேன். என் கையெழுத்து கலையாமத்தான் பிரிச்சாங்க."

"இருபது வருஷமா வெடிக்கிறேன், ஒத்துக்கறேன். திருடினதில்ல. சோடாவைக் கலக்கறதும் என் வேலைதான். அன்னைக்கு அதிசயமா பெரிய டாக்டரே கலக்கறேன்னார், என்னைப் பாட்டில் எடுத்துவர அனுப்பிட்டார். தன் காபிக்குச் சர்க்கரை போட்டுக்கத் தெரியாத மனுஷன்! நோயாளிமேல அவ்வளவு பாசம்னு நினைச்சேன். நீங்க என்னடான்னா என்னையே..."

செருப்புச் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவன்தான் வாலு. ஆனால் இப்போது முயலே போய்விட்டது. பாட்டில் அவளுடையது. சிறுநீர் அவளுடையது. ஆஸ்பத்திரியில் ஏறாத காரம் அண்ணி கூடத்தில் ஏறியிருக்கிறது. எப்படி?

"நான் அந்தக் கண்றாவியைக் குடிச்சதுதான் மிச்சம்," என்று முனகினான். "விசிலுக்காவது ஒரு நுரை மீசை கிடைச்சுது. எனக்கு ஒரு குமிழிகூட வரல பாஸ். செத்த தண்ணி."

கண்ணாடி நடப்பதை நிறுத்தினார். நெற்றியில் இருந்த கண்ணாடியைத் தானே கண்டுபிடித்து மூக்குக்கு இறக்கினார். அவர் அதைத் தானாக இறக்கினால் யாருக்கோ கெட்ட நேரம்.

"ஒரு குமிழிகூட வரலையா?"

"வரல."

"இன்னைக்கு எனக்கும் வரல," என்றாள் விசில் மெதுவாக. சொன்ன பிறகுதான் அவள் முகம் மாறியது.

"நாளைக்குக் குழு முன்னாடி மறுசோதனை கேளும்மா. கெஞ்சாதே, சண்டை போட்டுக் கேளு."

"கெஞ்ச எனக்குத் தெரியவே தெரியாது சார்."

*

குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவி. அவர் முன்னால் கோப்பு, கோப்பின்மேல் தண்ணீர் கிளாஸ். ஓரமாகப் பெரிய டாக்டர், வெள்ளைக் கோட்டும் சாந்தமான முகமும். வாசலில் கடுகு. விசிலுக்குத் துணை என்று சொல்லிக் கண்ணாடியும் வாலுவும்.

"உன் பிடிவாதம் எங்களுக்குத் தெரிஞ்சதுதான்," என்றார் தலைவி. "வெயில்ல ஓடாதேன்னா ஓடினே. ஆட்டம் வேண்டாம்னா ஆடினே. மாத்திரையையும் அப்படித்தான்னு நினைக்கறோம்."

"ஓடினேன். ஓடறதுக்குத்தான் மாத்திரை சாப்பிட்டேன். உங்க கண்ணு முன்னாடி இன்னொரு தடவை சோதிங்க. தோத்தா நானே கதவைச் சாத்திட்டுப் போறேன். சோதிக்க மாட்டேன்னா, சாயங்காலம் என் லீக்கு மொத்தமும் இந்த வாசல்ல நிக்கும்."

தலைவி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பரிவோடு தலையசைத்தார்.

"செய்வோமே. குழந்தை திருப்தியாப் போகட்டும். நானே கலக்கித் தரேன்."

சுவரோர மேஜைக்குப் போய் முதுகு காட்டி நின்றார். கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. கலக்கினார். கலக்கிக்கொண்டே இருந்தார். வாலு முன்பே பார்த்து வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எதிரே மருந்து அலமாரியின் கண்ணாடிக் கதவு. அதில் டாக்டரின் கையும் டம்ளரும் நன்றாகவே தெரிந்தன. டம்ளரின் விளிம்புவரை வெள்ளை நுரை எழுந்தது. அது அடங்குவதற்காக டாக்டர் காத்திருந்தார்.

கண்ணாடி இருமினார். அதுதான் சைகை.

வாலு எழுந்து போய் மேஜைமேல் இருந்த மிச்சப் பொட்டலத்தை எடுத்தான். "மன்னிக்கணும்மா," என்று தலைவியின் தண்ணீர் கிளாஸில் அப்படியே கொட்டினான். புஸ்ஸென்று பொங்கி, கோப்பின்மேல் வழிந்தது.

"என்ன இது? யார் நீ?"

"அதை அப்புறம் சொல்றேன். சிஸ்டர், உங்க வார்டு சோடாவைப் பிரிச்சு இன்னொரு கிளாஸ்ல போடுங்க."

கடுகு முத்திரை பிரிக்காத பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். பவுடர் பேசாமல் உள்ளே இறங்கிக் கரைந்தது. பச்சைத் தண்ணீர் மாதிரி நின்றது.

"சமையல் சோடா வெறும் தண்ணியில பொங்காது," என்றார் கண்ணாடி. "பொங்கினா, அது கேக் மாவை உப்ப வைக்கிற பவுடர். அதுக்குள்ள சோடாவும் இருக்கு, சோடாவுக்குச் சமமா அமிலமும் இருக்கு. தண்ணி பட்டதும் ரெண்டும் அடிச்சுக்கிட்டு நுரையாப் போயிடும். வயித்துக்குள்ள போறப்ப காரமே மிச்சமில்ல. வராத விருந்தாளிக்குச் சிறுநீரகம் எந்தக் கதவைத் திறக்கும்? பாட்டிலைப் பூட்டினீங்க, மூடியைப் பூட்டினீங்க. டம்ளரை யாரும் பார்க்கல, ஏன்னா அதைக் கொடுத்தது பாசமான கை."

டாக்டர் கையிலிருந்த டம்ளரை மேஜைமேல் வைத்தார். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். தலைவியின் முகம் வெளுத்திருந்தது.

விசில் நடந்துபோய் கடுகு கலக்கிய கிளாஸை எடுத்தாள். மூவரையும் பார்த்துக்கொண்டே குடித்தாள். மீசை வரவில்லை.

"இப்ப பிடிங்க பாட்டிலை," என்றாள்.

*

ரிசல்ட் வரும்வரை எல்லாரும் நடைபாதையில். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் டாக்டரின் முந்தாநாள் கண்ணீர் என்று வாலு சொல்ல வாயெடுத்தான். பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்த டாக்டர் இப்போதும் அழுதுகொண்டிருந்தார். இந்த அழுகை நிஜம். வாலு சொல்லாமல் விட்டான்.

விசில் அவர் எதிரில் போய் நின்றாள்.

"ஏன்?"

"என் பேத்திக்கு ஒன்பது வயசு. இதே நோய். வரிசையில அடுத்தது அவதான். உள்ள இருக்கிற ஒருத்தர் வெளிய போனாத்தான் இடம்."

"இத்தனை பேர்ல ஏன் நானு?"

அவர் தலை நிமிரவில்லை. "நீ யார் பேச்சையும் கேக்காதவ. மாத்திரையைத் தூக்கிப் போட்டேன்னு சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

"நம்பினாங்க. எங்கம்மாவும் நம்பினா." அவள் குரல் ஒரு நொடி உடைந்தது. உடனே நிமிர்ந்தது. "பேச்சைக் கேட்டிருந்தா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன் டாக்டர். பத்து வயசு தாண்டமாட்டான்னாங்க, கேக்கல. ஓடாதேன்னாங்க, கேக்கல. உங்க பேத்திக்கு மாத்திரை வேணும்னா இந்த வாசல்ல நின்னு நீங்க கத்தியிருக்கணும். உங்க பக்கத்துலயே நின்னு நான் விசில் ஊதியிருப்பேன். நீங்க என் மூச்சைத் திருடினீங்க."

டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"நாளைக்கு அந்தக் குழந்தைக்கும் இடம் கேட்டு இங்க வந்து நிப்பேன். உங்களுக்காக இல்ல. அவளுக்கு யாராவது பிடிவாதம் சொல்லிக் கொடுக்கணும்."

லேப் கதவு திறந்தது. கடுகு வேகமாக வந்தாள். வழியில் தன் மேஜை டிராயரைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள். விசிலின் எதிரில் நின்றதும் முகத்தில் சிரிப்பா சிடுசிடுப்பா என்று தெரியவில்லை.

"ஏறியிருக்கு. நல்லாவே ஏறியிருக்கு. மாத்திரை உனக்குத்தான்னு தலைவியம்மா சொல்லிட்டாங்க."

உள்ளங்கையை விரித்தாள். முதல் ஆட்டத்து விசில்.

விசில் அதை வாங்கி உதட்டில் வைத்தாள். தலைக்கு மேலே 'அமைதி காக்கவும்' என்ற பலகை. வாலு காதைப் பொத்திக்கொண்டான். பொத்தியும் பயனில்லை. ஊதினாள் ஊதினாள், மூச்சு தீரவே இல்லை. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

விசில் சத்தம் நின்றதும் எல்லாரும் கடுகு வெடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். கடுகு பலகையைப் பார்த்தாள், நடைபாதையின் கடைசிவரை பார்த்தாள்.

"இன்னொரு தடவை ஊது," என்றாள். "கடைசி வார்டுக்குக் கேக்கல."